கையெழுத்துக்கு ஒரு தகப்பன்

வீட்டுக்காரர் செத்துப் பதினாறு கழிந்து, பிரம்மநாயகி முதன்முதலாக ஆற்றுக்குக் குளிக்கப் போன காலை அது. கல்லிடைக்குறிச்சியில் பெண்கள் குளிக்கிற அந்தப் படித்துறை ஒன்றும் பெரியதல்ல. பத்துப் பேர் இறங்கினால் முழங்கை இடிக்கும். அன்றைக்கு அவள் இறங்கியதும் இடம் தானாக உண்டாயிற்று. ஒருத்தி பாதி துவைத்த துணியைச் சுருட்டிக்கொண்டு மேல்படிக்குப் போனாள். ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்தது திடீரென்று ஞாபகம் வந்தது. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. வெறும் நெற்றியோடு நிற்கிறவள் முகத்தில் விடிந்ததும் விடியாததுமாக முழிக்க வேண்டாமே என்கிற ஒதுக்கம், அவ்வளவுதான்.

அப்போது சண்முகசுந்தரி படியிறங்கி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. அப்பளக் கம்பெனியில் அப்பளம் தேய்க்கிறவள். காலியாகக் கிடந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, பிரம்மநாயகியின் பக்கத்தில் வாளியை வைத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"மதினி, இந்த முதுகைக் கொஞ்சம் தேச்சு விடுங்க. மாவு காஞ்சு அரிக்கி."

முதுகில் எப்படி மாவு போகும்? பிரம்மநாயகி கேட்கவில்லை. தேய்த்து விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

சுந்தரியின் புருஷன், மகள் விஜயஸ்ரீக்கு மூன்று வயது நடக்கும்போது, தென்காசிக்கு வேலைக்கென்று போனவன். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். செத்திருந்தால் ஊர் அழுதிருக்கும். ஓடிப்போனதால் சிரித்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிற பெண்கள் சுந்தரியின் குங்குமத்தையும் தாலியையும் ஒருமுறை பார்ப்பார்கள், அவள் பிரகாரம் திரும்பியதும் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். ஓடினவன் மேல் ஒருத்திக்கும் கோபமில்லை. "ஆம்பளைக்கு வீட்டுல என்ன குறையோ" என்பார்கள். குறையாம்! பிரம்மநாயகி சாமி சந்நிதியில் கோபப்படக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஆனாலும் காது மூடாதே.

சுந்தரி அழுது பிரம்மநாயகி பார்த்ததில்லை. "ராமர் பதினாலு வருசம் காட்டுக்குப் போனாரு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுல்லா போனாரு" என்று சிரிப்பாள். அவள் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. விஜி காலேஜில் படிக்க வேண்டும். படித்துத் தன் காலில் நின்றுவிட்டால், அப்புறம் எவன் இருந்தால் என்ன, எவன் ஓடினால் என்ன.

தொண்ணூற்றைந்தாம் வருசம் விஜி பிளஸ் டூ எழுதினாள். கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பட்டப் படிப்புக்கு எழுதிப் போட்டார்கள். ஜூன் மாதம் கார்டு வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை அசல் சான்றிதழ்களோடு வந்து சேர்ந்துகொள்ளவும் என்று.

"எனக்கு அங்கன போயிப் பேசத் தெரியாது. நீங்க துணைக்கு வாங்க மதினி" என்றாள் சுந்தரி.

பிரம்மநாயகி படித்தது ஐந்தாம் வகுப்பு. சுந்தரி இரண்டு. அந்த வித்தியாசத்தில் ஒரு துணை. அப்பளக் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற கோமு இதைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியத்துக்குப் போறவ துணைக்கு யாரைக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு இல்லியா?" என்று சாடை பேசினாள். சுந்தரி செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் நின்று, "மதினி, நீங்க முன்னால நடங்க. நானும் விஜியும் பின்னால வாரோம்" என்றாள்.

கல்லூரி ஆபீஸில் ஒரு ஜன்னல். அதற்கு முன்னால் பிள்ளைகளும் தகப்பன்மாருமாக நீள வரிசை. இவர்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டு. உள்ளே இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தகப்பனார் பேரு?"

சுந்தரி மகளைப் பார்த்தாள். "காந்திமதிநாதன் சார்" என்றாள் விஜி.

"டி.சி.யில நெல்லையப்பன்னு இருக்கு. ரேஷன் கார்டுல காந்திமதிநாதன்னு இருக்கு. வருமானச் சான்றுலயும் காந்திமதிநாதன்." இப்போது தலையைத் தூக்கினார். "ஏம்மா, இதுல எந்த ஆளு தகப்பன்? நல்லா யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். விஜியின் கழுத்து சிவந்தது.

நடந்தது இதுதான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் விஜியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, வாத்தியார் தகப்பன் பேர் கேட்டிருக்கிறார். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது சுந்தரிக்குத் தாய் வீட்டில் சொல்லிக் கொடுத்தது. ஓடிப்போனவனாக இருந்தாலும் ஆயுசு ஆயுசுதானே. சுவரில் தொங்கின காலண்டரில் திருநெல்வேலி சாமி படம் இருந்தது. அதைக் கையால் காட்டி, "இவுக பேருதான் சார்" என்றாள். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார், நெல்லையப்பன் என்று எழுதிக்கொண்டார். காந்திமதி அம்மனுக்கு நாதன் யார்? அந்த நெல்லையப்பர்தான். இரண்டும் அந்தச் சாமிதான். பெரிய வகுப்புக்கு வந்தபின் விஜி அதைக் கவனித்து அம்மாவிடம் சொன்னபோது, "ஒரே சாமிதானட்டி, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டாள். சாமிக்கு ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சனை பண்ணுகிறோம். ஒரு மனுசனுக்கு இரண்டு பேர் விழுந்துவிட்டால் அது குற்றம் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

இதை விஜி தயங்கித் தயங்கிச் சொன்னாள். குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அதெல்லாம் ஆபீஸுக்கு ஆகாது. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு பத்திரத்தாள்ல எழுதி, தகப்பனார் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. ரெண்டு சாட்சி வேணும்."

"அவுக இங்கன இல்ல சார்" என்றாள் சுந்தரி. "நான் பெத்தவ. நான் போடுதேன்."

"தாயார் கையெழுத்து செல்லாது."

"அப்ப சாட்சிக் கையெழுத்தாவது..."

"நீங்க சம்பந்தப்பட்டவங்கம்மா. சாட்சி போடக் கூடாது."

அவள் சம்பந்தப்பட்டவளாம்! பிரம்மநாயகி சுந்தரியின் கையைப் பார்த்தாள். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தவள், பரீட்சைக்கு விளக்கு ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அப்பளம் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை ரேகை அழிந்தவள். அவள் சம்பந்தப்பட்டவள் என்பதால் அவள் சொல் எடுபடாது. பதினாலு வருசமாக எட்டிப் பார்க்காதவன் சொல்தான் எடுபடும். இது எந்த ஊர் நியாயம்?

"பள்ளிக்கூடத்துல மாத்தி வாங்கியாரட்டுமா?"

"அது ஆறு மாசம் ஆகும். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிரும். நகருங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில், வீரவநல்லூர் தாண்டும்போது விஜி, "வேண்டாம்மா. நான் தபால்ல படிச்சுக்கிடுதேன்" என்றாள்.

"வாய மூடுட்டி" என்றாள் சுந்தரி.

புதன்கிழமை அம்பாசமுத்திரம் கோர்ட்டுப் பக்கம் ஒரு டைப்பிஸ்டிடம் பத்திரத்தாளில் அடித்து வாங்கினார்கள். வியாழக்கிழமை இரண்டு பெண்களும் தென்காசிக்குப் போனார்கள். பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. "அவ எதுக்கு அங்க போயி கையேந்தி நிக்கணும்?" என்றாள் சுந்தரி.

தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். இரண்டு படி ஏறினால் மேஜை, மேஜைக்குப் பின்னால் காந்திமதிநாதன். தொந்தி விழுந்திருந்தது. வலது மணிக்கட்டில் கறுப்பும் சிவப்புமாக நாலு கயிறு. நெற்றி நிறைய விபூதிப் பட்டை. அந்தத் திருநீறு இந்த நெற்றியில் எப்படித்தான் ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ என்று பிரம்மநாயகி நினைத்தாள். நினைத்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன, வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றான்.

சுந்தரி தாளை மேஜையில் வைத்தாள். விசயத்தைப் பிரம்மநாயகிதான் சொன்னாள். அவன் தாளை வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகத்தில் சிரிப்பு ஏறியது. பக்கத்து மேஜையில் ஆபீஸ் முதலாளி அசன் மைதீன் இருந்தார். அவரைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கேட்டியளா? எம் பிள்ளைக்குத் தகப்பன் நெல்லையப்பனாம். பள்ளிக்கூடத்துலயே எழுதியாச்சாம்." சுந்தரி பக்கம் திரும்பினான். "அப்பம் எங்கிட்ட எதுக்கு வந்த? நேரா கோயிலுக்குப் போ. நந்திக்குப் பின்னால வரிசையில நில்லு. அவரு வந்து கையெழுத்துப் போட்டுத் தருவாரு."

அசன் மைதீன் சிரிக்கவில்லை. "விளையாடாதேயும்வே. பிள்ளை படிப்பு."

"பொட்டப் பிள்ளைக்கு என்னத்துக்கு அண்ணாச்சி காலேஜு? இன்னைக்குக் கையெழுத்து வாங்குவா. நாளைக்கு அதையே காட்டி, சோறு போடுன்னு கோர்ட்டுக்கு இழுப்பா. நான் போட மாட்டேன்."

சுந்தரி தாளை எடுத்தாள். நனையாமல் பையில் வைத்தாள். இரண்டு படியும் இறங்கித் தெருவுக்குப் போனாள். போய்விடப் போகிறாள் என்றுதான் பிரம்மநாயகி நினைத்தாள். தெருவில் நின்று சுந்தரி திரும்பினாள்.

"காந்திமதிநாதன்" என்றாள்.

பிரம்மநாயகி தன் வீட்டுக்காரர் பேரை இன்று வரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இறப்பைப் பதியப் போன இடத்தில்கூட ஒரு தாளில் எழுதித்தான் காட்டினாள். தெருவில் நின்று, சாரலில் நனைந்துகொண்டு, ஒரு பெண் தாலி கட்டினவன் பேரைச் சொல்லுகிறாள்!

உள்ளே இருந்தவன் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

"ஏய்... என்ன செய்யுத?"

"காந்திமதிநாதன்" என்றாள் மறுபடி. இந்த முறை எதிர்த்த டீக்கடைக்குக் கேட்டது. அங்கே கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து வந்தான். கயிறு கட்டின கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். "சனியனே, வாய மூடு! கட்டினவன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு தெரியாதா உனக்கு? போன மாசம்தான் சோசியன் கண்டம் இருக்குன்னு சொல்லிருக்கான்."

"தெரியும்" என்றாள் சுந்தரி. "தெரிஞ்சுதான் பதினாலு வருசமா சொல்லல. உங்க ஆயுசக் காப்பாத்தத்தான் வாத்தியார்ட்ட காலண்டரக் காட்டினேன். அதுக்குத்தான் எம் பிள்ளை தெருவுல நிக்கா. இனி எனக்கு என்ன? பதினாலு வருசத்துக்கும் சேத்துச் சொல்லிட்டுப் போறேன். காந்திமதிநாதன்!"

டீக்கடையில் யாரோ, "யாருவே அது காந்திமதிநாதன்?" என்று கேட்டார்கள்.

"ஏம்வே, போட்டுத் தொலையும்" என்றார் அசன் மைதீன். "அந்தம்மா சாயங்காலம் வரைக்கும் சொல்லும் போலுக்கு. நீரு தாங்க மாட்டீரு."

அவன் கை நீட்டினான். சுந்தரி படியேறி வந்து தாளை வைத்தாள்.

"இனிமே சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"மொதல்ல கையெழுத்தப் போடுங்க" என்றாள். அந்த நிலையிலும் 'போடுங்க'. பிரம்மநாயகிக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை.

போட்டான். கீழே முதல் சாட்சியாக அசன் மைதீன் போட்டார். இரண்டாம் சாட்சி பிரம்மநாயகி. ஐந்தாம் வகுப்பில் பழகின கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதினாள். மகள் எப்படி இருக்கிறாள், என்ன உயரம் என்று அந்த மனுசன் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் அசன் மைதீன்தான் கேட்டார், "பிள்ளை என்ன படிக்கப் போகுதும்மா?" என்று. "கணக்கு" என்றாள் சுந்தரி. "நல்லாப் படிக்கட்டும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு குழாயடியில் சுந்தரி வாயைக் கொப்பளித்தாள். மூன்று முறை.

"மதினி, பாவமா?"

"என்ன பாவம்?"

"பேரைச் சொல்லிட்டேனே."

பிரம்மநாயகி குழாயை மூடினாள். "நீ சொன்ன பேர்ல அம்மன் பேருல்லா முன்னால வருது. காந்திமதின்னு மூணு மட்டம் சொல்லிருக்க. பாவம் எங்கன வரும்?"

சுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாரல் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, வேறு தண்ணீரா என்று பிரம்மநாயகி பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே ஜன்னலில் நின்றார்கள். குமாஸ்தா கையை நீட்டினார். தாளை வாங்கினார். மேலே அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இரண்டு ஓட்டை போட்டு, கட்டோடு கோத்தார்.

"தகப்பனார் பேருன்னு கட்டத்துல எதை எழுத சார்?" என்று விஜி கேட்டாள்.

"ஏதாவது ஒண்ணை எழுதும்மா. பத்திரந்தான் இருக்கே."

ஏதாவது ஒண்ணு!

பிரம்மநாயகி யாரையும் அதட்டிப் பேசினவள் இல்லை. வீட்டுக்குள் வந்த ஆட்டைக்கூடப் பைய விரட்டுகிறவள். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் காது சுட்டது. ஏதாவது ஒரு பேர் போதும் என்றால், ஒரு பெண்ணை எதற்குத் தென்காசித் தெருவில் நிறுத்தினாய்? செவ்வாய்க்கிழமையே எழுதியிருக்கக் கூடாதா? எந்த ஆளு தகப்பன் என்று நாலு பேர் முன்னால் கேட்டாயே, அந்தக் கேள்விக்குப் பதில் இந்தத் தாளில் இருக்கிறது, அதை வாசிக்கக்கூட உனக்கு நேரமில்லையா?

ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"தம்பி, அதை வாசிங்க."

"எதை?"

"நீங்க கேட்ட பத்திரத்தை. செவ்வாய்க்கிழமை சத்தமாத்தான கேட்டிய. இப்பவும் சத்தமா வாசிங்க."

"பின்னால ஆள் நிக்காங்கம்மா..."

"அன்னைக்கும் நின்னாங்க. சிரிச்சாங்க. இன்னைக்குக் கேக்கட்டும்."

பின்னால் நின்ற ஒரு தகப்பன், "வாசிங்க சார், நாங்க நிக்கோம்" என்றார். குமாஸ்தா கட்டைத் திருப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். காந்திமதிநாதன் என்பவரும் நெல்லையப்பன் என்பவரும் ஒரே நபர்தான் என்றும், விஜயஸ்ரீ அவருடைய மகள் என்றும், கீழே சாட்சி அசன் மைதீன், சாட்சி பிரம்மநாயகி என்றும்.

"பிரம்மநாயகி யாரு?"

"நாந்தான்" என்றாள்.

அவர் ரசீதில் முத்திரை குத்தி, விஜியிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, "திங்கக்கிழமை வகுப்பும்மா" என்று மட்டும் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஹாஸ்டல் ஏற்பாடு. ஒரு பச்சைத் தகரப் பெட்டி, பூட்டு, வாளி, தட்டு, டம்ளர், பாய், தலையணை. ஹாஸ்டலில் கொடுத்த பட்டியலை விஜி வாசிக்க, சுந்தரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"பல்பொடி வைக்காதம்மா. பேஸ்ட்டுன்னு போட்டிருக்கு. பல்பொடியப் பாத்தா சிரிப்பாளுக."

"பல்லு வெளுத்தாச் சரி. சிரிக்கவ பல்லு எப்படி இருக்குன்னு நீயும் பாரு."

கடைசித் தாளில் இன்னொரு கட்டம் இருந்தது. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள். தகப்பன் அல்லது கார்டியன், போட்டோவோடு. தாய்க்கு மட்டும் ஒரு சின்ன வரி, போட்டோ வேண்டாமாம். பிரம்மநாயகிக்கு மறுபடி கொதித்தது. ஆனால் சுந்தரி இந்தத் தடவை கோபப்படவில்லை. பேனாவை விஜி கையில் கொடுத்தாள்.

"கார்டியன்னு இருக்குல்லா? பிரம்மநாயகின்னு எழுதட்டி."

"என்னையா? ஏட்டி சுந்தரி, வெளங்காத பேச்சுப் பேசாத. காலேஜுக்கு அஞ்சாங் கிளாஸு கார்டியனா?"

"பத்திரத்துல சாட்சி போட்டது யாரு? வாசின்னு சொன்னது யாரு? போயி போட்டோ எடுத்துட்டு வாங்க."

பிரம்மநாயகி அம்பாசமுத்திரம் போய் ஸ்டூடியோவில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர், "சிரிங்கம்மா" என்றார். சிரிப்பு வரவில்லை. முறைத்த மாதிரி விழுந்த அந்தப் படம் மூன்று வருசமும் ஹாஸ்டல் நோட்டில் ஒட்டியிருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் முறுக்கும் அப்பளமும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வாட்ச்மேன் போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பான்.

விஜி முதல் வகுப்பில் தேறினாள். அடுத்த வருசம் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அம்மாவைக் கூட வந்து இருக்கச் சொல்லி எழுதினாள். தொண்ணூற்றொன்பதாம் வருசம் ஆடி கழிந்து ஒரு புதன்கிழமை, கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் சுந்தரியை ரயிலேற்றிவிட்டது பிரம்மநாயகிதான். அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது. மார்கழியில் மூன்று நாள் காய்ச்சலில் சுந்தரி போய்விட்டாள் என்று தந்தி வந்தபோது, பிரம்மநாயகி யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சாமி படத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டாள். பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை ரயில் வரக் கொஞ்சம் தாமதம். சுந்தரி தாலுகா ஆபீஸில் பழைய ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வண்டி அசைந்தபோது கம்பி வழியாகப் பிரம்மநாயகியின் கையைப் பிடித்தாள்.

"ஓசூர்ல புதுக் கார்டு எழுதணும் மதினி. குடும்பத் தலைவர் யாருன்னு கேப்பான்லா, சண்முகசுந்தரின்னு சொல்லப் போறேன். அவன் தலையத் தூக்கி ஒரு மாதிரியாப் பாத்தான்னு வையுங்க, வரிசையில நிக்க அத்தன பேருக்கும் கேக்கும்படியா இன்னொரு மட்டம் சொல்லுவேன்."